அண்ணனுக்குக் கேட்கிற பேஸ்

“நாளைக்கு ரிகர்சல்தான் கடைசி. நாளைக்கும் டெய்லர் தாளத்தை விட்டார்னா, மேடையில மெஷின் ட்ரம்ஸ் வாசிக்கும். சொல்றதுல எனக்கு ஒண்ணும் சந்தோஷமில்லம்மா. ஆனா சொல்லிட்டேன்.”

இப்படிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தவர் பெயர் கடிகாரம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதாவது இருக்கும், யாருக்கு ஞாபகம்! கீபோர்டு வாசிப்பவர், குழுவுக்குத் தலைவர். ஏழு மணி நிகழ்ச்சிக்கு ஐந்து மணிக்கே வந்து நின்றுகொண்டு, ஆறு மணிக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ரகம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் சின்னவள் பாட்டுக்கு நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பாள். நியாயம் பேசுகிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

சின்னவள் அந்தக் குழுவில், பாட்டுக்கு அடியில் ஆழமாக உறுமுகிற பேஸ் கிட்டார் வாசிப்பவள். வாரத்தில் ஐந்தரை நாள் லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி, நின்றுபோன லிஃப்டுகளைக் கிளப்பிவிடுவதுதான் பிழைப்பு. கடிகாரம் சொன்ன டெய்லர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறான். பதினாறு வருஷமாகக் குழுவில் ட்ரம்ஸ் அவன்தான். அவள் விரல் கம்பியில் படுகிற அதே நொடியில் அவன் கால் பெரிய ட்ரம்மில் ‘தும்’ என்று இறங்கும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தாள் நுழைக்க இடம் இருக்காது என்று குழுவின் பாடகி அம்மா சொல்வார்.

அப்பேர்ப்பட்ட அண்ணன் போன நிகழ்ச்சியில் மூன்று தடவை தாளத்தை விட்டான். மூன்றும் மெதுவான பாட்டு. மேடையில் புகை விட்டு, விளக்கையெல்லாம் குறைத்து, நீலமாக ஒரு வெளிச்சம் போட்டிருந்தார்கள். பாதிப் பாட்டில் அவன் ஒரு பக்கம் போனான், அவள் ஒரு பக்கம் போனாள். கேட்டதற்கு முதுகுவலி என்றான். அப்புறம் தூக்கம் சரியில்லை என்றான். அப்புறம் பேச்சையே மாற்றிவிட்டான்.

ட்ரம்ஸ் போனால் அண்ணன் பட்டினி கிடக்கப் போவதில்லை. தையல் இருக்கிறது. ஆனால் வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் அடுத்தவன் பேண்ட்டைச் சுருக்கிக்கொண்டிருக்கிற மனுஷன், அந்தக் குச்சியைக் கையில் எடுத்தால்தான் நிமிர்ந்து உட்காருவான். அதையும் பிடுங்கிவிட்டால் அவனை எப்படிப் பார்ப்பது?

இந்தப் போன் வந்தபோது அவள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தாள். சனிக்கிழமை, அரை நாள் வேலை. கடைசி ஸ்க்ரூவை முடுக்கலாம் என்று டூல்ஸ் பைக்குள் கை விட்டால், ஸ்பேனருக்கும் குறடுக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு காகிதம். விரித்தாள். காதுப் பரிசோதனை ரிப்போர்ட். மேலே அண்ணன் வயது, அண்ணன் விலாசம். தேதியைப் பார்த்தால் பத்து நாளுக்கு முந்தியது.

சின்னவள் உடனே அண்ணிக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, இது என்ன?”

“எது என்ன?” அண்ணி குரலில் அப்படி ஒரு அப்பாவித்தனம்.

“என் பையில ஒரு ரிப்போர்ட் இருக்கு.”

“அடடே, நேத்து நீ வந்தப்போ தவறி விழுந்திருக்கும்போல.”

“நாலா மடிச்சுக் குறடுக்குள்ள சொருகி விழுந்துச்சா?”

அண்ணி மடை திறந்த மாதிரி கொட்டித் தீர்த்தாள். “இங்க பாரு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உங்கண்ணன் என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு. சொல்லத்தான் கூடாது. காட்டக் கூடாதுன்னு வாங்கல. அன்னிக்கு ரோட்டுல இவருக்குப் பின்னாடியே ஒரு லாரி உறுமிக்கிட்டு நிக்குது, இவரு பாட்டுக்கு அதுக்கு முன்னாடி நின்னு கைக்குட்டையை மடிச்சுக்கிட்டிருக்காரு! எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணினேன்.”

“செவிடா அண்ணி?” என்று கேட்டாள் சின்னவள்.

“செவிடெல்லாம் இல்ல. நான் அடுக்களையில முணுமுணுத்தா முன்னறையிலேர்ந்து பதில் வருது. ஊசி விழுந்தா திரும்பிப் பார்க்கறாரு. கீழ்ச்சத்தம்தான் கேக்காதாம். உறுமல், இடி, இந்த மாதிரி. உயிருக்கு ஆபத்து இல்ல, மருந்துல சரியாகாது, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. பேச்சு கேக்குதேன்னு இவரும் கம்முனு இருந்துட்டாரு.”

சின்னவள் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பார்த்தாள். கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு; அது தாழ்ந்த இடமெல்லாம் காது கேட்காத இடம். மேலே வரிசையாக எண்கள். இடது பக்கம் 125, 250 என்று கீழ்ச்சத்தம். வலது பக்கம் போகப் போகக் கீச்சுச் சத்தம். கோடு இடது பக்கம் அதலபாதாளத்தில் ஆரம்பித்து, ஐந்நூறில் பாதி ஏறி, ஆயிரத்துக்குப் போனதும் ஒழுங்காக மேலே வந்துவிட்டது. அவள் பேஸ் கிட்டாரின் உயிர்நாடியே அந்தப் பாதாளத்தில்தான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணன் தாளத்தை விடவில்லை. அவனுக்கு அவளே கேட்கவில்லை. ஒரு வருஷமாக அவன் பக்கத்தில் நின்று, அவனுக்குக் கேட்காமலே வாசித்திருக்கிறாள்.

இதில் அவள் கைங்கரியமும் இருந்தது. போன வருஷம்தான் கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற இந்தப் பெரிய ஆம்பை வாங்கினாள். அதில் கீழ், நடு, மேல் சத்தங்களுக்கு பேஸ், மிட், ட்ரெபிள் என்று திருகுகிற மூன்று நாப். பேஸை முழுக்கத் திருப்பி, மற்ற இரண்டையும் பூஜ்யத்தில் வைத்துவிடுவாள். சத்தம் அடிவயிற்றில் உருளும். “என்ன ஆழம், என்ன ஆழம்!” என்று கேட்கிறவர்களெல்லாம் சொல்ல, அம்மணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த நடுச்சத்தம் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று தொட்டதேயில்லை. அண்ணனுக்குக் கேட்டிருக்கக்கூடிய ஒரே பங்கை அவளே தன் கையால் அணைத்து வைத்திருந்தாள். ‘மடச்சி, மடச்சி’ என்று தன்னையே திட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். லிஃப்டைச் சரி பண்ணியிருக்கிறோம் என்பதே ஆறு மாடி இறங்கின பிறகுதான் ஞாபகம் வந்தது.

மதியம் இரண்டு மணிக்கெல்லாம் ஆம்பைத் தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டில் ஆஜர். முன்னறையில் வெட்டுத் துணியும் நூல்கண்டுமாகக் கிடந்தது. அண்ணன் மெஷினில் உட்கார்ந்திருந்தான். சின்னவள் ரிப்போர்ட்டை எடுத்து மெஷின்மேல் வைத்தாள்.

அண்ணன் ஆடு திருடினவன் மாதிரி முழித்தான். அப்புறம் திரும்பி அண்ணியைப் பார்த்தான்.

“நான் ஒரு வார்த்தை சொல்லல” என்றாள் அண்ணி. சொன்னதென்னவோ உண்மைதான்.

“எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

“இருக்கட்டும். ஒரு வருஷமா எதைக் கேட்டு வாசிக்கற?” என்றாள் சின்னவள்.

அண்ணன் நூலை இழுத்துப் பல்லால் கடித்தான். கத்திரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. “கேக்கல. பார்த்தேன். உன் வலது கையைப் பார்த்துக்கிட்டே வாசிப்பேன். விரல் இறங்கினா நானும் இறங்குவேன்.”

“அன்னிக்குப் புகை விட்டாங்களே?”

“கை தெரியல” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கச் சின்னவளால் முடியவில்லை. குனிந்து ஆம்பின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“கடிகாரத்துக்கிட்ட சொல்லக் கூடாது” என்றான் அண்ணன். “காது போன ட்ரம்மர்னு பேர் வந்தா முடிஞ்சுது. சத்தியம் பண்ணு.”

“பண்றேன்.” ஆளுக்கு ஆள் சத்தியம் வாங்குவதே இவனுக்கு வேலையாகப் போயிற்று.

முதலில் மிட் நாப்பை முழுக்கத் திருப்பி வாசித்துப் பார்த்தாள். வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு மொத்தைச் சத்தம்.

“கேக்குதாண்ணா?”

“ஓ! நல்லாக் கேக்குது. சரியாயிடுச்சே! காபி போடச் சொல்லவா?”

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ‘சரியாயிடுச்சு’ என்று வாயால் சொன்னால் எவனும் ஏற்றுக்கொள்ள மாட்டான். ஆள் ஏற்றாமல் மேலேயும் கீழேயும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். சின்னவளுக்கு அது ரத்தத்தில் ஊறின பழக்கம். அவள் ஆம்பைத் தூக்கிப் பழைய கம்பளி மூட்டைமேல் வைத்தாள், தரை அதிர்ந்து காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. தையல் மெஷினைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள்.

“நீ சுவத்தைப் பார்த்துத் தைச்சுக்கிட்டே இரு. நான் வாசிக்கிற வரைக்கும் தை. நான் நிறுத்தினா நிறுத்து. உன் மெஷின் சத்தத்துக்கு மேல நான் கேக்கணும். மேடையில உன் ட்ரம்ஸ் சத்தத்துக்கு மேலதானே கேக்கணும்?”

“குழந்தை விளையாட்டா இருக்கே” என்று முனகிக்கொண்டே ஒரு நீளத் துண்டுத் துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தான். மெஷின் கடகடவென்று ஓடியது. சின்னவள் வாசித்தாள். பத்து எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

அண்ணன் தைத்துக்கொண்டே போனான். முகத்தில் ஒரு திருப்தி வேறு. துணி முடிந்தது, ஊசி காற்றைத் தைத்தது, அப்போதும் கால் எடுக்கவில்லை. அண்ணி போய்த் தோளைத் தட்டினாள்.

“என்ன? அவ இன்னும் வாசிக்கறாளே?” என்று திரும்பினவன், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான்.

“சரி” என்றான் மெதுவாக. “கேக்கல.”

சின்னவள் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கின கையோடு, ‘வேலை நடக்கிறது, தொடாதே’ என்று சிவப்பில் எழுதின லிஃப்ட் அட்டையை அந்த ஸ்விட்சில் மாட்டினாள்.

“எங்க வீட்டு ஸ்விட்சுக்கு மெடல் குடுத்தாச்சு” என்றாள் அண்ணி.

“சிரிக்காதீங்க அண்ணி. யாராவது போட்டுட்டா நான் போயிடுவேன்.”

அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டு, காவலுக்கு ஸ்விட்ச் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

பின்பலகையைக் கழற்றினதும் உள்ளே மூடியில் சர்க்யூட் படம் ஒட்டியிருந்தது. மின்சாரம் தேங்கி நிற்கிற பெரிய கெப்பாசிட்டர்களை முதலில் வடித்துவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் படத்தில் விரலை ஓட்டினாள். விஷயம் புரிந்துவிட்டது. இந்த மிட் நாப் முந்நூறைச் சுற்றியிருக்கிற சத்தத்தைத்தான் ஏற்றி இறக்குகிறது. அண்ணனுக்கு முந்நூறு பள்ளம். பள்ளத்தில் எவ்வளவு கொட்டினாலும் அவனுக்கு வந்து சேராது. நாப் பிடித்து ஏற்றுகிற இடத்தையே மேலே தள்ள வேண்டும். அந்த இடத்தைத் தீர்மானிப்பது நாப்புக்குப் பின்னால் இருக்கிற இரண்டே இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர். இரண்டிலும் நூறு. அந்த எண்ணைக் குறைத்தால் நாப் பிடிக்கிற இடம் ஏறும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால் சின்னதாக இரண்டு மாற்றினால் தீர்ந்தது.

லிஃப்ட் போர்டுகளுக்கு வைத்திருக்கிற டப்பாவில் கெப்பாசிட்டருக்குப் பஞ்சமில்லை. நாற்பத்தேழும் இருந்தது, இருபத்திரண்டும் இருந்தது. அம்மணிக்குப் பொறுமை என்பது எந்தக் கடையில் விற்கிறது என்றே தெரியாதே! ஏற்றுவதுதான் ஏற்றுகிறோம், நன்றாக ஏற்றுவோம் என்று இருபத்திரண்டைப் போட்டுவிட்டாள். ஈயம் புகைந்தது. பலகையை மூடாமலே அட்டையைக் கழற்றி, பிளக்கைச் செருகி, அண்ணனை மறுபடி சுவரைப் பார்த்துத் தைக்கச் சொல்லிவிட்டு, கம்பியைத் தட்டினாள்.

அடக் கண்றாவியே! ஜலதோஷம் பிடித்த வாத்து ஒன்று தகரக் கூரைமேல் நடந்த மாதிரி இருந்தது. அண்ணி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்காமல் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சின்னவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நிறுத்தினாள்.

மெஷின் நின்றது.

அண்ணி சிரிப்பை நிறுத்தினாள். சின்னவள் மறுபடி வாசித்தாள். மெஷின் ஓடியது. நிறுத்தினாள். நின்றது. வேண்டுமென்றே இரண்டே நோட்டு வாசித்து நிறுத்தினாள். இரண்டு தையல் போட்டு நின்றது.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே, “கேக்குது” என்றான். “நீ வாசிக்கிறது எனக்குக் கேக்குது.”

ஆனந்தத்தில் அண்ணி எழுந்தே விட்டாள். ஆனால் அண்ணன் திரும்பினபோது முகத்தில் சந்தோஷம் பாதிதான் இருந்தது.

“ஆனா இது நீ இல்ல” என்றான். “உன் பேஸ் எவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஊரே புகழ்ந்ததை எனக்காக இப்படி வாத்து ஆக்கிட்டு மேடை ஏறுவியா? வேணாம்மா. பழையபடி மாத்திடு. நான் கடிகாரத்துக்கிட்ட முதுகுவலின்னு சொல்லி விலகிக்கிறேன்.”

சின்னவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “விலகுவியா? பதினாறு வருஷம் உன் காலைக் கேட்டு வாசிச்சவ நான். நாளைக்கு ஒரு டப்பாவைக் கேட்டு வாசிக்கணுமா? வாயை மூடிக்கிட்டு சுவத்தைப் பாரு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு.”

அண்ணன் கப்சிப் என்று திரும்பிக்கொண்டான். பிளக் போயிற்று, அட்டை வந்தது, அண்ணி மறுபடி காவல். இந்த முறை நாற்பத்தேழு. கணக்குப்படி அறுநூற்றைம்பது வாக்கில் நிற்க வேண்டும். அங்கே அண்ணனுக்கு ஓரளவுக்குக் கேட்கும், பேஸும் செத்துப்போகாது. சூட்டுக்கோலை வைத்துவிட்டு ஊதி ஆறவிட்டாள். இதுவும் சரிப்படாவிட்டால் டப்பாவில் வேறு அளவு இல்லை.

தட்டினாள்.

வாத்து போய்விட்டது. மூக்கில் பேசுகிற மாதிரி கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு முகம் வந்திருந்தது. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கையால் தொட்டுக் காட்டலாம். அடியில் பழைய ஆழமும் முக்கால்வாசி இருந்தது.

மெஷின் ஓடியது. நிறுத்தினாள், நின்றது. வேகத்தைக் கூட்டினாள், அதுவும் கூட்டியது. சின்னவளுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. தடதடவென்று ஓடிச் சட்டென்று நின்றாள், ஒரு நோட்டு விட்டாள், இரண்டு விட்டாள், மூச்சுப் பிடித்து நாலு நொடி காத்திருந்து மறுபடி பாய்ந்தாள். மெஷின் ஒரு இடத்திலும் ஏமாறவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் தோள் குலுங்கியது. அண்ணி பயந்துபோய்க் கிட்டே போனாள். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். துணி முடிந்து, கையில் அகப்பட்டதை எடுத்து ஊசிக்கடியில் விட்டுக்கொண்டிருந்தான். அது யாரோ சுருக்கக் கொடுத்திருந்த பேண்ட். இரண்டு காலையும் சேர்த்துத் தைத்து முடித்திருந்தான்.

“ஐயோ, என்னங்க இது!”

“பிரிச்சுக்கலாம் விடு” என்றான் அண்ணன். “இன்னொரு தடவை வாசி சின்னவளே. வேகமா!”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரிகர்சல். ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் வகுப்பறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பெஞ்சையெல்லாம் ஓரமாக அடுக்கிவிட்டுக் கடிகாரம் எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கீபோர்டு பக்கத்தில் நாற்காலிமேல் ஒரு கறுப்புப் பெட்டி. ட்ரம் மெஷின். அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போய் ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான். பாடகி அம்மா கண்ணாலேயே சின்னவளுக்குத் தைரியம் சொன்னார். அண்ணியும் வந்திருந்தாள். ரிகர்சலுக்கு அவள் வந்ததே கிடையாது. கடைசி பெஞ்சில் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் ஸ்ருதி சேர்க்க இரண்டு நோட்டு தட்டியதுதான் தாமதம், கடிகாரம் நிமிர்ந்தார்.

“ஏம்மா, உன் சத்தத்துக்கு என்ன ஆச்சு? மூக்கடைச்ச மாதிரி இருக்கு. அந்த ஆழமெல்லாம் எங்க போச்சு?”

“இது புதுசா... கொஞ்சம் மாத்தியிருக்கேன் சார்.”

“நல்லா இல்லம்மா. பழையபடி வை.”

“வைக்க முடியாது சார்.”

“ஏன் முடியாது?”

என்ன சொல்வாள்? சத்தியம் பண்ணித் தொலைத்திருக்கிறாளே! “நாப் மாட்டிக்கிச்சு” என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் காது நுனி வரை சிவக்கும். கடிகாரம் எழுந்தார்.

“தள்ளு, நான் பார்க்கறேன். ஒரு நாப்பைத் திருப்ப முடியலன்னா எப்படி?”

அவர் கை நாப்பைத் தொடப் போனது.

“தொடாதீங்க” என்றான் அண்ணன்.

ட்ரம்ஸுக்குப் பின்னால் எழுந்து நின்றிருந்தான். கையிலிருந்த இரண்டு குச்சியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான்.

“அது எனக்காக மாத்தினது. எனக்குக் காது கொஞ்சம் போச்சு. கீழ்ச்சத்தம் கேக்காது. ஒரு வருஷமா இவ பேஸ் எனக்குக் கேக்கல, இவ கையைப் பார்த்துத்தான் வாசிச்சேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான்தான் இவகிட்ட சத்தியம் வாங்கினேன். இவளைத் திட்டாதீங்க.”

கடிகாரம் நீட்டின கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

“கையைப் பார்த்தா? அப்போ அன்னிக்கு மேடையில...”

“புகையில தெரியல.”

“அந்தப் புகையும் நீல விளக்கும் நான் கேட்டு வெச்சது” என்றார் கடிகாரம். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு பழைய குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: “டெய்லரே, காது போனதுக்கு யாரையும் நான் அனுப்ப மாட்டேன். ஆனா தாளம் போனா அனுப்பித்தான் ஆகணும். கேக்கறவங்களுக்கு உங்க ரிப்போர்ட் தெரியாது. அந்த மெதுவான பாட்டையே எடுப்போம்.”

“எடுங்க” என்றான் அண்ணன். உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“பார்த்தே வாசிங்க, பரவாயில்ல” என்றார் பாடகி அம்மா.

“வேணாம். கேட்டே வாசிக்கறேன்.”

பாட்டு ஆரம்பித்தது. சின்னவள் முதல் நோட்டைத் தட்டினாள். இரண்டாவது நோட்டில் ‘தும்’ என்று அண்ணன் கால் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. மூன்றாவது, நாலாவது. ஒரு தாள் நுழைக்க இடமில்லை. தனியாகக் கேட்டபோது மூக்கடைத்த மாதிரி இருந்த அந்தச் சத்தம், கீபோர்டும் குரலும் ட்ரம்ஸும் சேர்ந்ததும் தனக்கென்று ஒரு இடம் பார்த்து நிமிர்ந்து நின்றது. பாடகி அம்மா பாடிக்கொண்டே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஒரு வருஷமாக ஊர் புகழ்ந்த ஆழத்தில் ஒரு நோட்டும் உண்மையில் யாருக்குமே தெளிவாகக் கேட்டிருக்கவில்லை என்று சின்னவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போகட்டும், இப்போது அதற்கு வருத்தப்பட யாருக்கு நேரம்?

அவள் அண்ணனையே பார்த்தாள். கண் மூடியிருந்தது. தாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, முதுகு நிமிர்ந்து, ஒவ்வொரு அடியையும் ரசித்து ரசித்து வைத்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாகக் கண்ணை விழித்து விழித்துப் பயந்துகொண்டே வாசித்தவன் முகத்தில் இப்போது அந்தப் பயம் துளிக்கூட இல்லை. பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டே இரண்டாவது சரணத்துக்குள் நுழைந்தாள்.

ட்ரம்ஸ் நின்றது.

சட்டென்று, பாதி வரியில் நின்றது. பாடகி அம்மாவின் குரல் மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய் அதுவும் நின்றது. கடிகாரத்தின் கை தானாகவே அந்தக் கறுப்புப் பெட்டிமேல் போய்விட்டது. கடைசி பெஞ்சில் அண்ணி எழுந்து நின்றாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். குச்சியை நீட்டித் தங்கையைச் சுட்டினான்.

“ஏய்! அங்க என்னடி வாசிச்ச?”

“எ... எங்கண்ணா?”

“சரணத்து வாசல்லயே! ஒரு கட்டை தள்ளி விரலை வெச்சுட்ட. அபஸ்வரம்! பராக்குப் பார்த்துக்கிட்டா வாசிக்கிற? கவனம் எங்க இருக்கு உனக்கு?”

கடிகாரம் பெட்டியிலிருந்து கையை எடுத்தார். தன் தாளைக் குனிந்து பார்த்தார், மனசுக்குள் அந்த வரியை ஓட்டிப் பார்த்தார்.

“டெய்லர் சொல்றது சரி” என்றார். “எனக்கே பிடிபடல.”

சின்னவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு வருஷமாக அவள் எத்தனையோ தப்பு வாசித்திருக்கிறாள். ஒன்றுக்குக்கூட அண்ணன் திட்டியதில்லை. நம்ம கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பொலபொலவென்று கண்ணில் கொட்ட ஆரம்பித்தது. கிட்டார் மேலெல்லாம் சொட்டியது. துடைக்கத் தோன்றாமல், வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள்.

“இப்ப எதுக்கு அழற? ஒரு நோட்டுதானே, சரி பண்ணிக்கலாம்” என்றான் அண்ணன், பதறிப்போய்.

“திட்டுண்ணா” என்றாள் சின்னவள். “இன்னும் நல்லாத் திட்டு.”